“சின்னக் கீறல்தான், டாக்டர்”

மாசி மாதம், நல்ல உச்சிவேளை. கும்பகோணத்தை அடுத்த கிராமத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். உள்ளே ஒரு லவ் பேர்ட்ஸ். நம் கடைகளில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் பட்ஜெரிகர் என்ற ஆஸ்திரேலியப் பறவைதான். திருத்துவதை நான் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன.

“நேற்று சாயங்காலம் பூனை கம்பிக்குள் காலை விட்டுவிட்டது. சின்னக் கீறல்தான், டாக்டர். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வைத்தோம். ராத்திரி தினைகூடத் தின்றதே” என்றார்.

நீலப் பறவை அது. மஞ்சள் ஏறி, வயிற்றுப் பக்கம் பச்சையாகத் தெரிந்தது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, பாதிக் கண் மூடி, பெட்டியின் மூலையில் குந்தியிருந்தது. தொடையில் கடுகளவு ஒரு புள்ளி, அவ்வளவுதான் காயம். அரை மணி நேரத்தில் இறந்துவிட்டது.

அதைக் கொன்றது அந்தப் புள்ளி அல்ல, பூனையின் எச்சில். பூனையின் வாயில் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா சாதாரணமாகவே குடியிருக்கும். அதனால் பூனைக்குக் கேடில்லை. ஓயாமல் காலை நக்குவதால் நகத்திலும் அது ஒட்டியிருக்கும். பறவையின் ரத்தத்தில் கலந்துவிட்டால் ஒன்றிரண்டு நாளில் கதை முடிந்துவிடும். அன்றே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்கினால் பல பறவைகள் பிழைக்கின்றன. ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற அந்த ஓர் இரவில்தான் பறிகொடுக்கிறோம். தினை தின்றதை வைத்தும் ஏமாறக் கூடாது. நோயைக் காட்டிக்கொண்டால் இரையாகிவிடுவோம் என்பது பறவையின் பிறவிப் பயம். அது சோர்ந்து உட்காரும்போது நோய் முற்றியிருக்கும்.

எண்ணெய் தடவுவதில் இன்னொரு கெடுதல் உண்டு. இறகுகள் ஒட்டிப்போனால் உடல் சூடு தங்காது. 35 கிராம் எடையுள்ள பறவையின் மொத்த ரத்தமே மூன்று மில்லிக்குச் சற்று மேல்தான். இவ்வளவு சின்ன உடம்பு காயத்தோடு குளிரையும் தாங்க வேண்டும்.

நாய் விஷயம் வேறு. “விளையாட்டுக்குத்தான் கவ்வியது, பல்லே படவில்லை” என்பார்கள். தோலில் ஓட்டை இருக்காது, உள்ளே நசுங்கியிருக்கும். மூச்சுக்காற்றைத் தேக்கும் காற்றுப்பை கிழிந்து, தோலுக்கடியில் காற்று புகுந்து, பலூன்போல உப்பி வந்த பறவைகளைப் பார்த்திருக்கிறேன். சிப்பிப்பாறை, கன்னி போன்றவை முயல் வேட்டைக்கு வளர்ந்த இனங்கள். படபடக்கும் இறகைக் கண்டதும் பாய்வது அவற்றின் குணம். அதற்காக அடித்துப் பயனில்லை.

நம் டெல்டாவில் இது எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுப் பக்கம் வருகிறது. கூண்டுக்கடியில் சிந்திய தினை அதற்கு விருந்து. எலிக்காகப் பூனை வருகிறது. கூண்டோ தாழ்வார உத்திரத்தில், ஓட்டு வழியாக முற்றத்தில் இறங்கும் எந்தப் பூனைக்கும் எட்டுகிற உயரத்தில் தொங்குகிறது. சிந்திய தினையை அந்தியில் கூட்டிவிடுவதே பாதி காவல்.

மீதிக்குக் கதவுள்ள அறை வேண்டும். முடியாவிட்டால், கூண்டைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி விட்டு, அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் என்ற கம்பிவலை அடியுங்கள். கம்பியைப் பற்றித் தொங்கும் பறவையின் காலைத்தான் பூனை முதலில் இழுக்கும். தொடாமல் எதிரே உட்கார்ந்து உற்றுப் பார்த்தாலே போதும், சில பறவைகள் தீனியை விட்டுவிடும். “எங்கள் பூனை சாது” என்ற வாக்குமூலத்தை நான் ஏற்பதில்லை.

காயம் பட்டால் இறுக்கிப் பிடிக்காதீர்கள். நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சிழுக்க உதவும் உதரவிதானம் என்ற தசை பறவைக்குக் கிடையாது. நெஞ்சு விரிந்தால்தான் மூச்சு. துளையிட்ட பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, அமைதியாக வைத்துக் கொண்டுவாருங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழலில் போய்விடும். வீட்டில் மிஞ்சிய மாத்திரையும் வேண்டாம்.

பச்சைக்கிளியைக் கொண்டுவருபவர்களிடம் தனியாக ஒன்று சொல்வேன்: 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வளர்ப்பதே குற்றம்.

ஆசிரியர் வீட்டில் இன்னொரு பறவை இருந்தது. இப்போது கூண்டு அவருடைய படிப்பறையில் இருக்கிறதாம். பூனை கதவுக்கு வெளியே, மிதியடியில் படுத்துக்கொள்கிறதாம்.