கார்டில் இரண்டு ஊசி, கணினியில் ஒன்று: தடுப்பூசிப் பதிவைத் திருத்துவது எப்படி

வெளிநாட்டு வேலைக்கோ படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. கையில் இருக்கும் கொவிட் தடுப்பூசிக் கார்டில் இரண்டு ஊசிக்கும் முத்திரை இருக்கிறது. கணினியில் ஒன்றுதான் இருக்கிறது, அல்லது ஆளே இல்லை. கவுண்டரில் இருப்பவர் "சிஸ்டத்தில் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அந்தப் பதிலோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். அநேகமாக உங்கள் பதிவு அழியவில்லை, வேறொரு இலக்கத்தின் கீழோ வேறொரு எழுத்துக்கூட்டலிலோ கிடக்கிறது.

பின்னணி இவ்வளவுதான். இலங்கையில் கொவிட் தடுப்பூசி 2021 ஜனவரி 29 அன்று தொடங்கியது. பதிவுகள் டிஎச்ஐஎஸ்-2 என்ற மென்பொருளில் ஏற்றப்பட்டன. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருள் அது. அதைக் கொவிட்டுக்கு ஏற்றபடி முதலில் மாற்றி எடுத்தது இலங்கைதான். பிறகு பல நாடுகள் அதை எடுத்துப் பயன்படுத்தின. பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் ஊசி போட்ட இடத்தில் வரிசை நீண்டபோது கணினி பின்னுக்குப் போய்க் கொப்பி முன்னுக்கு வந்தது. கொப்பியில் எழுதியதைப் பிறகு வேறொருவர் தட்டச்சு செய்தார். பிழைகளில் பெரும்பகுதி அந்த இடைவெளியில் நுழைந்தவை.

முதல் பொறி அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் ஒன்பது எண்ணும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும் இருக்கும். புதியதில் பன்னிரண்டு எண். முதல் ஊசிக்குப் பழைய அட்டையைக் காட்டி, இடையில் புதிய அட்டை எடுத்து, இரண்டாவது ஊசிக்கு அதைக் காட்டியிருந்தால் கணினிக்கு நீங்கள் இரண்டு ஆட்கள், ஆளுக்கு ஒரு ஊசி. இரண்டு இலக்கத்திலும் தேடச் சொல்லுங்கள். பழையதைப் புதியதாக மாற்றுவது எளிது: முன்னால் 19 சேர்க்க வேண்டும், பழைய இலக்கத்தின் முதல் ஐந்து எண்களுக்குப் பிறகு ஒரு பூச்சியம் நுழைக்க வேண்டும், கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு வரும். இதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். கவுண்டரில் யாரும் உங்களுக்காகக் கணக்குப் போடமாட்டார்கள். கடவுச்சீட்டைக் காட்டி ஊசி போட்டவர்கள் மூன்றாவதாக அந்த இலக்கத்திலும் தேடச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. அடையாள அட்டை இல்லாத வயதில் ஊசி போட்ட பிள்ளையின் கார்டை எடுத்து, அதில் எந்த இலக்கம் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அம்மாவின் இலக்கம் இருந்தால் தேட வேண்டியது அதன் கீழ்தான். பிள்ளைக்கு இப்போது சொந்த அட்டை கிடைத்திருக்கும், ஆனால் பழைய பதிவு தானாக அதற்கு மாறிவிடாது.

அடுத்தது, கொழும்பில் ஆட்களை அலையவைக்கும் கேள்வி: எந்தச் சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பணிமனை? நீங்கள் இப்போது குடியிருக்கும் இடத்தின் பணிமனை அல்ல, ஊசி போட்ட இடத்துக்குப் பொறுப்பானது. மூலக் கொப்பி அங்கேதான் இருக்கும். வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபைக்குள், தெஹிவளை வெளியே. காலி வீதியில் ஐந்து நிமிடம் நடந்தால் வேறு நிர்வாகம். விகாரமகாதேவி பூங்காவில் இராணுவம் நடத்திய நிலையத்தில் இரவு வரிசையில் நின்று போட்டவர்கள் இருக்கிறார்கள், வேலைத்தலத்தில் போட்டவர்களும் இருக்கிறார்கள். அப்படியானவர்கள் ஊகிக்க வேண்டாம். கார்டில் உள்ள முத்திரையை வாசியுங்கள். மங்கிப்போயிருந்தால் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த முத்திரைதான் உங்கள் முகவரி.

"கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி வாருங்கள்" என்று அனுப்பினால் ஒரு கேள்வி கேளுங்கள்: எதற்கு? வதிவிடம் கேட்டது ஊசி போடும் நாளில். அப்போதே யாழ்ப்பாணத்து, ஹட்டன் முகவரி அட்டைகளோடு கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்தவர்கள் பட்டது போதும். போட்டு முடிந்த ஊசியின் பதிவைத் திருத்துவதற்கும் நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்கும் தொடர்பில்லை. கடிதம் வேண்டுமென்றே நின்றால், எந்தச் சுற்றறிக்கையின்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு கடிதத்தின் தேவை குறைந்துவிடும்.

பெயர்ப் பிழை நம்மவர்களுக்கு அதிகம். தமிழில் சொன்ன பெயரைச் சிங்களத்தில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினால் விக்னேஸ்வரன் மூன்று விதமாக வருவார். தகப்பன் பெயர் ஒரு பதிவில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மற்றொன்றில் வெறும் முதலெழுத்து. திருத்தம் கேட்கும்போது கடவுச்சீட்டில் உள்ளபடி, ஒரு எழுத்தும் பிசகாமல் கேளுங்கள். அடையாள அட்டைப்படி திருத்திவிட்டு, விமான நிலையத்தில் கடவுச்சீட்டோடு ஒத்துவரவில்லை என்று மறுபடி வரிசையில் நிற்க வேண்டாம்.

திகதியையும் பாருங்கள். கார்டில் 06/07/2021 என்று இருப்பது ஜூலை 6. மாதத்தை முன்னால் வைத்து ஏற்றியிருந்தால் அது ஜூன் 7 ஆகிவிடும். இரண்டாவது ஊசி முதலாவதுக்கு முன் வந்து நிற்கும், அல்லது இடைவெளி போதாது என்று காட்டும். தடுப்பூசியின் பெயரிலும் குழப்பம் உண்டு. 2021இல் இந்தியாவிலிருந்து வரவு நின்றுபோனதால், முதல் ஊசி கொவிஷீல்டாகவும் இரண்டாவது ஜப்பான் அனுப்பிய அஸ்ட்ராசெனெகாவாகவும் போட்டவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே தடுப்பூசிதான், தயாரித்த இடம்தான் வேறு. பெயர் இரண்டாக இருப்பதைப் பிழை என்று நினைத்துத் திருத்தப் போகாதீர்கள். மருந்தின் தொகுதி (பேட்ச்) இலக்கத்தோடு ஒத்துவராமல் போய்விடும். தொகுதி இலக்கத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பூச்சியத்துக்குப் பதில் ஓ எழுத்து விழுந்திருக்கிறதா என்று.

போகும்போது கார்டின் மூலப்பிரதியைக் கொண்டுபோங்கள், ஆனால் கையைவிட்டுக் கொடுக்க வேண்டாம். காட்டுங்கள், போட்டோகொப்பியைக் கொடுங்கள். "வைத்துவிட்டுப் போங்கள், பிறகு வாருங்கள்" என்பது கார்ட் காணாமல் போவதற்கான முதல் படி. அது போனால் உங்களிடம் வேறு ஆதாரம் இல்லை. கோரிக்கையை வாயால் சொல்லாமல் ஒரு பக்கக் கடிதமாகக் கொடுங்கள். பெயர், இரண்டு அடையாள அட்டை இலக்கமும், ஊசி போட்ட இடம், திகதி, தொகுதி இலக்கம், கணினியில் என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும், அவ்வளவு போதும். தமிழில் எழுதலாம். தமிழ் அரச கரும மொழி, மொழிபெயர்த்து வரச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. இரண்டு பிரதி எடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பணிமனையின் தகவல் அதிகாரிக்கு, "எனது பெயரிலும் இந்த இலக்கங்களிலும் உள்ள தடுப்பூசிப் பதிவின் பிரதியைத் தரவும்" என்று எழுதுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். "ஏன் திருத்தவில்லை" என்று கேட்காதீர்கள், அது புகார், தகவல் கோரிக்கை அல்ல. பிரதி கைக்கு வந்தால் பிழை எங்கே என்று நீங்களே காட்டலாம்.

திருத்தியாயிற்று என்று சொன்னதும் பழைய சான்றிதழை எறிந்துவிட்டுப் புதியதை இறக்கிக்கொள்ளுங்கள். அதிலுள்ள கியூஆர் கட்டத்துக்குள் உங்கள் விபரமும் மின்னொப்பமும் அன்று இருந்தபடியே அடைபட்டிருக்கும். கணினியில் திருத்தினாலும் பழைய கட்டம் பழைய பிழையைத்தான் சொல்லும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கட்டம் மங்கி ஸ்கேன் ஆகாமல் போகும். பிடிஎஃப் கோப்பாகவே அனுப்புங்கள், அச்செடுக்கும்போது சுருக்க வேண்டாம்.

இனி எந்தத் தடுப்பூசி முகாமுக்குப் போனாலும், பதிவு மேசையை விட்டு எழும்புவதற்கு முன் திரையையோ கொப்பியையோ திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். இலக்கம், பெயர், கைபேசி இலக்கம், மூன்றையும் நீங்களே வாசித்துச் சரிபாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் கைபேசி இலக்கத்தைக் கொடுத்தால் உங்கள் குறுந்தகவல் அவருக்குத்தான் போகும். ஊசி போட்ட அன்றே கார்டின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து, வீட்டில் இன்னொருவரின் கைபேசிக்கும் அனுப்பிவையுங்கள்.