உடைந்த முன்னச்சைப் படிப்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் வார இறுதியானால், சிங்கப்பூரின் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்காரர்கள் சிலர் கடற்பாலத்தைத் தாண்டி ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களுக்குள் ஓடும் மண்பாதைகளைத் தேடிப் போவார்கள். நானும் அவர்களில் ஒருவன். சென்ற மழைக்காலத்தில், ஓடைக்கரையில் ஏற முயன்ற எங்கள் பழைய வண்டியின் முன்பக்கத்திலிருந்து, கல்லில் சுத்தியலால் அடித்ததைப் போல ‘டக்’ என்று ஒரே ஓர் ஒலி கேட்டது. அதன்பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் கரகரவென்று அரைக்கும் சத்தம். முன்சக்கரங்களில் ஒன்று இழுவையை முற்றிலும் இழந்திருந்தது.

மறுவாரம் காக்கி புக்கிட்டில் உள்ள ஒரு பட்டறையில் அந்தச் சக்கரத்தைக் கழற்றி உள்ளிருந்ததை எல்லாம் ஒரு தகரத் தட்டில் கொட்டினோம். கறுப்புக் கிரீஸுக்கு நடுவே இரும்புக் குண்டுகள் கிடந்தன. தலைமை மெக்கானிக் அண்ணன் அவற்றைத் துணியால் துடைத்துத் துடைத்து எண்ணினார். “ஆறு இருக்கணும் தம்பி, அஞ்சுதான் இருக்கு. ஆறாவது கிடைக்கிற வரைக்கும் புது ஜாயின்ட்டைத் தொட வேண்டாம்” என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது முன்னச்சின், அதாவது முன்சக்கரங்களைச் சுழற்றும் அச்சின், அமைப்பைப் புரிந்துகொண்டால் விளங்கும்.

பின்னச்சின் வேலை எளிது. நேரான ஒரு தண்டு சக்கரத்தைச் சுழற்றினால் போதும். முன்சக்கரமோ சுழலவும் வேண்டும், இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். ஆகவே தண்டின் நுனியில், வளைந்த நிலையிலும் சுழற்சியைக் கடத்தும் ஒரு மூட்டு (ஜாயின்ட்) தேவைப்படுகிறது. ஜீப் ராங்ளர் போன்ற வண்டிகளின் முன்னச்சில் சிலுவை வடிவ யூ ஜாயின்ட் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த அதே மூட்டுதான் இது. இதற்கு ஓர் இயல்புக் குறை உண்டு: வளைந்த நிலையில் உள்ளே செல்லும் வேகமும் வெளியே வரும் வேகமும் ஒவ்வொரு கணமும் சமமாக இருப்பதில்லை. 30 பாகை வளைவில், தண்டு ஒரே சீராகச் சுழன்றாலும் சக்கரத்தின் வேகம் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை சுமார் 87 விழுக்காட்டுக்குக் குறைந்து, இரண்டு முறை 115 விழுக்காட்டுக்கு ஏறும். முழுதாகத் திருப்பிய ஸ்டியரிங் கையில் துடிப்பதற்கு இதுவே காரணம்.

இந்தக் குறையைத் தீர்க்க ஆல்ஃபிரட் ரெசெப்பா என்ற பொறியாளர் 1920களில் வடிவமைத்த குண்டு மூட்டையே டொயோட்டா லேண்ட் குரூசரின் 80 வரிசை போன்ற வண்டிகள் பயன்படுத்துகின்றன. பட்டறைகளில் இதை ‘பர்ஃபீல்ட்’ என்பார்கள். கிண்ணம் போன்ற வெளிப்பகுதி, நட்சத்திரம் போன்ற உள்பகுதி, இரண்டின் பள்ளங்களுக்கும் நடுவே ஆறு குண்டுகள், அவற்றை ஒரே தளத்தில் பிடித்துவைக்கும் ஒரு கூண்டு. எவ்வளவு வளைத்தாலும் அந்தத் தளம் வளைவுக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரித்தே நிற்கும் என்பதால் வேகம் மாறாமல் கடத்தப்படுகிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம்போன்ற அழகான அமைப்பு. ஆனால் கோணம் கூடக்கூடக் குண்டுகள் கிண்ணத்தின் வாயை நோக்கி நகர்கின்றன. முழுத் திருப்பத்தில் சுமையின் பெரும்பகுதி, உலோகம் மிகக் குறைவாக உள்ள அந்த விளிம்பின் மீது விழுகிறது. எங்கள் தட்டில் கிடந்த கிண்ணம் அந்த விளிம்பில்தான், தேங்காய்ச் சிரட்டையின் ஓரம் பெயர்ந்ததைப் போல, ஒரு துண்டை இழந்திருந்தது.

அந்த விளிம்பின் மீது எவ்வளவு விசை வந்திருக்கும்? எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் தரும் முறுக்குவிசை 300 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் அதை 4 மடங்காக்கும், லோ ரேஞ்ச் என்ற மெதுவோட்டக் கியர் 2.5 மடங்காக்கும், அச்சிலுள்ள கிரௌன் பினியன் பற்சக்கரங்கள் 4 மடங்காக்கும். உராய்வு இழப்பை விட்டுவிட்டால் மொத்தம் 12,000 நியூட்டன் மீட்டர். அதே வண்டியின் ஒரு முன்சக்கரத்தின் மீது 700 கிலோ எடை இருந்து, டயரின் ஆரம் 0.4 மீட்டராக இருந்தால், நன்கு பற்றும் தரையில்கூடச் சுமார் 2,750 நியூட்டன் மீட்டரிலேயே டயர் வழுக்கத் தொடங்கிவிடும்; சேற்றில் அதில் பாதிகூடத் தாங்காது. அதாவது, டயர் வழுக்குவதுதான் அச்சைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. வழுக்க வழியில்லாமல் டயர் ஒரு பாறையிலோ வேரிலோ முட்டிக்கொண்டால் அந்தக் காப்பு போய்விடுகிறது.

அதைவிட மோசமானது, சேற்றில் வேகமாகச் சுழலும் சக்கரம் திடீரென்று பிடிப்பைப் பெறுவது. சுழல்பவற்றின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். டயர் வேரைக் கவ்விய கணத்தில் அந்த ஆற்றல் முழுவதையும் அச்சுத்தண்டும் மூட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் ஓடைக்கரையில் நடந்தது இதுதான்: ஸ்டியரிங் முழுத் திருப்பத்தில், கால் ஆக்சிலரேட்டரில், சக்கரம் சேற்றில், சேற்றுக்கு அடியில் ஒரு வேர்.

அச்சுக்கு வரும் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலும் இதில் பங்கேற்கிறது. சாதாரண டிஃபரென்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு முறுக்குவிசையையே தரும். ஒரு சக்கரம் காற்றில் சுழன்றால் மற்றதற்கும் அதிகம் கிடைக்காது. இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலும்படி பூட்டும் லாக்கரைப் பொருத்தினால் இந்தச் சமத்துவம் போய்விடும். முன்னச்சுக்கு வரும் முழு விசையும் பிடிப்புள்ள ஒரே சக்கரத்தின் மூட்டு வழியாகச் செல்லக்கூடும். லாக்கரைப் போட்டுக்கொண்டு மூட்டை மாற்றாமல் விடுவது அரைவேலை என்பது என் உறுதியான கருத்து. பெரிய டயர்களும் அப்படியே: 31 அங்குலத்திலிருந்து 35 அங்குலத்துக்கு மாறினால், தரையில் அதே விசையைப் பெற அச்சு சுமார் 13 விழுக்காடு கூடுதலாக முறுக வேண்டியிருக்கும்.

உடைந்த பரப்பு எப்படி உடைந்தது என்பதைத் தன் மீதே எழுதிவைத்திருக்கும். ஒரு சுண்ணாம்புக் கட்டியை இரு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள். அது 45 பாகைச் சாய்வில் சுருளாக உடையும். கடினப்படுத்தப்பட்ட, நொறுங்கும் தன்மையுள்ள எஃகும் அப்படித்தான் உடையும். இளக்கமான எஃகு கத்தியால் வெட்டியதைப் போல அச்சுக்குக் குறுக்கே தட்டையாக அறுபடும். மூன்றாவது வகை, கடற்கரை மணலில் அலை விட்டுச்சென்ற வரிகளைப் போன்ற கோடுகள். அவை தெரிந்தால், விரிசல் பல மாதங்களாகச் சிறிது சிறிதாக வளர்ந்திருக்கிறது, அன்றைய அடி கடைசி அடி மட்டுமே என்று பொருள். எங்கள் கிண்ணத்தில் அந்த வரிகள் இல்லை. பரப்பு முழுவதும் ஒரே சீராக, சாம்பல் நிறத்தில், பொடிச் சர்க்கரையைப் போல மினுங்கியது. தேய்மானமோ பழைய விரிசலோ காரணமில்லை, ஒரே அடியில் உடைந்தது என்று அண்ணன் அதை வைத்துத்தான் சொன்னார்.

பழுதுபார்ப்பில் உண்மையான உழைப்பு சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். ரப்பர் குழாயில் தொங்கவிடக் கூடாது. ஹப், 54 மி.மீ. நட்டுகள், பேரிங், ஸ்பிண்டில் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்த பிறகே தண்டு கைக்கு வரும். மூட்டைச் சூழ்ந்து சக்கரத்தோடு திரும்பும் நக்கிளின் உருண்டைக்குள் கிரீஸ் கெட்டியாக இருந்தால் நல்லது. கஞ்சியைப் போல நீர்த்திருந்தால் உட்புற ஆயில் சீல் தேய்ந்து, கியர் எண்ணெய் உள்ளே கசிந்து கலந்திருக்கிறது என்று அறியலாம்; அப்போது சீலையும் மாற்றியாக வேண்டும். ஆறாவது குண்டு எங்களுக்கு அந்த உருண்டையின் அடியில், கிரீஸுக்குள் புதைந்து, இரண்டாகப் பிளந்து கிடைத்தது. அதை அங்கேயே விட்டிருந்தால் ஏதோ ஒரு திருப்பத்தில் நக்கிளுக்கும் மூட்டுக்கும் நடுவே சிக்கி ஸ்டியரிங்கையே பூட்டியிருக்கும். விரைவுச்சாலையில் அப்படி ஆனால் என்ன நேரும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

எதைப் புதிதாகப் போடுவது என்பதே அடுத்த கேள்வி. தண்டின் முறுக்கு வலிமை விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது என்பதால் 30 மி.மீ. தண்டை 33 ஆக்கினாலே மூன்றில் ஒரு பங்கு வலிமை கூடிவிடும். குரோம் மாலிப்டினம் எஃகில் செய்த தண்டும் மூட்டும் இன்னும் தாங்கும். ஆனால் ஒன்றை வலுப்படுத்தினால் முறிவு அடுத்த பலவீனமான இடத்துக்கு நகரும். மூட்டு தாங்கினால் கிரௌன் பினியனின் பல் போகும். அதைக் காட்டுப் பாதையில் மாற்றவே முடியாது. அதனால் வெளியே எட்டும் இடத்தில் உள்ள, கைவசம் ஒன்று வைத்துக்கொள்ளக்கூடிய, சக்கரத்தைத் தண்டோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் லாக்கிங் ஹப்பை, மின்சார ஃபியூஸைப் போல, பலவீனமான கண்ணியாக விட்டுவைப்பதையே நாங்கள் தேர்ந்தெடுத்தோம். கையால் திருகும் ஹப்புக்கு இன்னொரு பயனும் உண்டு: உள்ளே மூட்டு உடைந்தாலும் இரண்டு ஹப்புகளையும் திறந்துவிட்டால், துண்டுகள் எதுவும் நக்கிளில் சிக்காத வரை, பின்சக்கரங்களின் இழுவையில் மெதுவாக வெளியேறலாம்.

புதுத் தண்டைப் பொருத்துவதற்கு முன் அண்ணன் அதன் நீளத்துக்கும் வெள்ளைப் பெயிண்டால் நேராக ஒரு கோடு இழுத்தார். தண்டு தாங்கும் எல்லையைத் தாண்டி முறுகினால் திரும்பப் பழைய நிலைக்கு வராது. அந்தக் கோடு சுருளும், தண்டின் நுனியிலுள்ள ஸ்பிளைனின் பற்களும் அதோடு சாயும். நான்கு பயணங்களுக்குப் பிறகு சீல் பார்ப்பதற்காகக் கழற்றியபோது, சிறப்புக் கருவி எதுவும் இல்லாமல், ஓர் இரும்பு அளவுகோலை அதன்மீது வைத்துப் பார்த்தோம். கோடு நேராகவே இருந்தது. துடைத்து, புதிய மாலி (மாலிப்டினம் கலந்த) கிரீஸைப் பூசி, அதே தண்டை உள்ளே தள்ளினோம்.