96, 28: எந்த ரிப்போர்ட் சரி?

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண், அம்மாவைக் கூட்டிக்கொண்டு என் லேபுக்கு வந்திருந்தார். ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துபோனவர். கையில் இரண்டு ரிப்போர்ட். ரத்தம் தேவையில்லாமல் உறையும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்கு எடுக்கும் கார்டியோலிபின் ஐஜிஜி ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) அளவு, புதுச்சேரியில் ஒரு லேபில் 96. மூன்று மாதம் கழித்துக் கடலூரில் இன்னொரு லேபில் 28.

"ஏன் சார், நோய் குறைஞ்சிடுச்சா, இல்ல ஒண்ணு தப்பா?" என்றார் அம்மா.

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். முதல் லேபில் ஒளியை அளக்கும் கெமிலுமினிசென்ஸ் இயந்திரம், இரண்டாவதில் நிறமாற்றத்தை அளக்கும் எலைசா முறை. ஒரே ரத்தத்தை இரண்டிலும் போட்டாலே எண் இப்படி விலகும். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் மரக்கால் வேறு அல்லவா, அந்தக் கதைதான்.

ஆன்டிபாஸ்போலிப்பிட் நோயில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே ரத்தத்தைக் கண்ட இடத்தில் உறைய வைக்கிறது. காலில் ரத்தக்கட்டி, இளம் வயதில் பக்கவாதம், கருச்சிதைவு என்று வரும். லண்டனில் கிரஹாம் ஹியூஸ் 1983இல் இதை விவரித்தார். மூன்று பரிசோதனைகள் உண்டு: கார்டியோலிபின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன், லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட். சாதாரணத் தொற்றுக்குப் பிறகுகூடச் சில நாள் பாசிட்டிவ் காட்டும் என்பதால், 12 வாரம் விட்டு மறுபடி எடுத்துப் பார்க்கிறோம். 2023இல் வந்த இந்த நோயின் வகைப்பாட்டில் 40 முதல் 79 யூனிட் வரை மிதம், 80 முதல் அதிகம். ஆனால் அந்த எல்லைகள் எலைசாவுக்கு வகுத்தவை. மற்ற இயந்திரத்தின் எண்ணை அப்படியே அதில் பொருத்தக் கூடாது. எந்த முறை என்பது ரிப்போர்ட்டில் பொடி எழுத்தில் கிடக்கும், யாரும் படிப்பதில்லை.

எனக்கு அதிகம் தலைவலி தருவது மூன்றாவது பரிசோதனையான லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்தான். பெயரைப் பார்த்தால் ரத்தம் உறையாமல் தடுப்பது போலிருக்கும். ட்யூபில் அப்படித்தான் நடக்கும், உடம்பில் நேர்மாறு. ட்யூபில் உறைதலைத் தூண்டக் கண்ணாடி விரியனின் விஷத்தை நீர்க்கச் செய்து சேர்க்கிறோம். ஆமாம், நம் வயல் வரப்பில் கிடக்கிற அதே விரியன்தான்! சிட்ரேட் போட்ட நீல மூடி ட்யூபை இரண்டு முறை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றித் தட்டணுக்களை நீக்க வேண்டும். ஒரு முறை மட்டும் சுற்றி, ஃப்ரீசரில் உறைய வைத்துப் பெரிய ஊருக்கு அனுப்பினால், உடைந்த தட்டணுக்களே ஆன்டிபாடியை உறிஞ்சிக்கொள்ளும். உண்மையான பாசிட்டிவ் நெகட்டிவாகத் திரும்பி வரும்.

மருந்து இன்னொரு வில்லங்கம். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், ஹெப்பாரின் ஊசி, ரிவரோக்சபான் எல்லாமே இந்த முடிவைக் குழப்பும். ரத்தம் எடுப்பவரிடம் மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். டெஸ்டுக்காக நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.

அந்தப் பெண்ணை முதலில் எடுத்த லேபிலேயே, அதே முறையில் மறுபடி எடுத்து வரச் சொன்னேன். 91 வந்தது. மூன்று ரிப்போர்ட்டிலும் முறையின் பெயரை வட்டமிட்டு, மருத்துவரிடம் காட்டச் சொல்லிக் கொடுத்தேன். அம்மா அப்போதும் கிளம்பவில்லை.

"சரி சார், அந்த 28க்குக் கட்டின காசு?"