ஒரு காயம் ஆறும் முன்னே அடுத்த காயம்: ஓடும் பிள்ளைகளுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்

காவலர் பணிக்கான உடல்திறன் தேர்வு நெருங்கும்போதெல்லாம் ஒரே கதையோடு இளைஞர்கள் பிசியோதெரபிக்கு வருகிறார்கள். அண்மையில் வந்தவர் கபடி வீரரும்கூட. முதலில் இடது கணுக்கால் சுளுக்கு, சில மாதங்களில் வலது தொடையின் பின்தசையில் கிழிசல், இப்போது இடது முன்னங்கால் எலும்பில் விரல் வைத்தாலே துடிக்கும் வலி. தனக்கு நேரம் சரியில்லை என்றார். நேரத்தின் மேல் பழி போட வேண்டாம். முதல் சுளுக்கைப் பாதியில் விட்டதுதான் மற்ற இரண்டுக்கும் வழி திறந்திருக்கிறது என்பதே என் கணிப்பு.

"வலி போய்விட்டது, அதனால் ஆறிவிட்டது" என்ற நம்பிக்கையை எத்தனை முறை மறுத்தாலும் அது அடுத்த ஆளோடு மீண்டும் உள்ளே வருகிறது. சுளுக்கின் வலி ஓரிரு வாரங்களில் அடங்கிவிடலாம்; கிழிந்த ஜவ்வு உறுதிப்படுவதற்கு அதைவிட நெடுநாள் ஆகும்; கெண்டைக்கால் தசையின் பலமும், பாதம் எந்தக் கோணத்தில் தரையில் படுகிறது என்று உணரும் திறனும் பயிற்சி கொடுக்காமல் தானாக முழுமையாகத் திரும்புவதில்லை. அந்த இளைஞரைச் சுவரில் விரல்களை மட்டும் ஊன்றி, ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னேன். வலது கால் இருபத்தைந்து முறை தூக்கியது. இடது காலிலோ பத்தாவது முறைக்குள் குதிகால் தரையை விட்டு எழவே மறுத்தது. கணுக்காலில் துளியும் வலி இல்லை. 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடுவதற்கு இந்தக் காலைத்தான் அவர் நாள்தோறும் தார்ச்சாலையில் பழக்கிக்கொண்டிருந்தார்.

வலி ஊசி போட்டுக்கொண்டு ஓடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். எலும்பில் நுண்விரிசல் இருந்தால், தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது சாதாரணம். எனவே "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்பது ஓடுவதற்கான அனுமதி ஆகாது. எலும்பின் மேல் ஒரே இடத்தில் விரலால் சுட்டக்கூடிய வலி இருந்தாலோ, ஓய்விலும் இரவிலும் வலித்தாலோ அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்; தேவையென்றால் அவர் எம்.ஆர்.ஐ. எழுதுவார். மாதவிடாய் நின்றுபோன நிலையிலும் பயிற்சியைத் தொடரும் பெண் பிள்ளைகள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எலும்பு வலுவிழப்பதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம்.

முழங்கால் ஜவ்வு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். ஐந்தாம் மாதத்தில் வீக்கமின்றி நடக்கிறீர்கள் என்பதற்காகக் கபடிக் களத்தில் இறங்காதீர்கள். குறைந்தது 9 மாதங்கள் கழிய வேண்டும். முன்தொடைத் தசையின் பலம் மறுகாலின் பலத்தில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். ஒற்றைக் காலில் தாவி இறங்கும் சோதனைகளிலும் தேற வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, ஆறு வாரம் கட்டிலில் கிடந்துவிட்டு முதல் நாளே பழைய தூரத்தை ஓடுவோரும் உண்டு. வெறும் ஓய்வில் தசை மெலிகிறதே தவிர வலுப்பெறுவதில்லை. அடிபட்டால் ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற முறையை 1978-இல் பரப்பிய மருத்துவர் கேப் மிர்கின், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்பாடு தாமே திருத்திக்கொண்டார். ஒரே உடலில் பல காயங்கள் இருக்கும்போது, எலும்புக் காயத்துக்கே முதலிடம்: அது ஆறும்வரை ஓட்டமும் குதித்தலும் இல்லை. ஆனால் மருத்துவர் அனுமதிக்கும் அளவில் சைக்கிள், நீச்சல், தொடை இடுப்புப் பயிற்சிகள் நடந்துகொண்டே இருக்கலாம். அதன் பிறகு சில நிமிட நடை, சில நிமிட ஓட்டம் என மாற்றி மாற்றித் தொடங்குங்கள். மறுநாள் காலையில் வலியோ வீக்கமோ கூடியிருந்தால் முந்தைய அளவுக்கே திரும்புங்கள்.

பயிற்சியாளர்களே, சேர்க்கையின்போதே பழைய காயங்களையும் கேட்டுக் குறித்து வையுங்கள். கால் வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்து அவர்கள் எங்களிடமும் மறைக்கிறார்கள். சிகிச்சைக்கு வரும்போது இப்போது வலிக்கும் இடத்தை மட்டும் காட்டாமல், முன்பு பட்ட அடிகள், கட்டிய கட்டுகள், போட்ட ஊசிகள் அனைத்தையும் சொல்லுங்கள். பழைய ஸ்கேன்களையும் கையோடு எடுத்து வாருங்கள்.