மேஃப்ளவர் வம்சாவளி: கண்ணி அறுவது 1800ஐ ஒட்டித்தான்

மேஃப்ளவர் கப்பலில் 1620-ல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் உள்ள பிளிமத்துக்குக் குடியேற வந்தவர்கள் 102 பேர். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். பிழைத்தவர்களின் வாரிசுகள் இன்று பல லட்சம் பேர் என்பதால், "நாங்கள் மேஃப்ளவர் பரம்பரை" என்று ஒரு குடும்பம் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கப்பல் பட்டியலில் தங்கள் குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டு அங்கிருந்து கீழே இறங்கி வரக் கூடாது. உங்கள் பிறப்புச் சான்றிதழில் தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏறுங்கள்.

1600-கள்தான் இருட்டு என்று பலர் நினைக்கிறார்கள். மாசசூசெட்ஸ் ஊர் எழுத்தர்கள் அப்போதே பிறப்பு, திருமணம், இறப்பைக் குறித்து வைத்தார்கள். மேஃப்ளவர் குடும்பங்களின் முதல் ஐந்து தலைமுறைகள் ஆராயப்பட்டு நூல்களாகவே கிடைக்கின்றன. உண்மையான இடைவெளி 1780-க்கும் 1850-க்கும் நடுவில் இருக்கிறது. அமெரிக்க விடுதலைப் போருக்குப் பின் குடும்பங்கள் நிலம் தேடி வெர்மான்ட், நியூயார்க், ஒஹையோ என்று வடக்கேயும் மேற்கேயும் நகர்ந்தன. நியூயார்க் மாநிலத்தில் முறையான பிறப்பு, இறப்புப் பதிவு 1880-களில்தான் நிலைபெற்றது. அடிமைகள் அல்லாத எல்லாரையும் பெயர் சொல்லிக் குறித்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1850-ல் நடந்தது. அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும், மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை.

அதனால் 1850-ல் ஒஹையோவில் 62 வயதுக்காரர் ஒருவர் "பிறந்த இடம் மாசசூசெட்ஸ்" என்ற ஒற்றைக் குறிப்போடு நிற்பார். அங்கே தேடினால் அதே பெயரில், அதே ஆண்டையொட்டிப் பிறந்த இரண்டு மூன்று குழந்தைகள் கிடைக்கும். வசதியான ஒன்றைப் பொருத்திவிடுகிறார்கள். இணையக் குடும்ப மரங்களில் நாங்கள் காணும் பிழைகளில் பெரும்பாலானவை இப்படிப் பிறந்தவையே. ஒருவர் பொருத்தியதை நூறு பேர் நகலெடுக்கிறார்கள்.

இந்த இடைவெளியைத் தாண்ட உயில்களைத் தேடுங்கள். மணமான மகள்களைப் புகுந்த வீட்டுப் பெயரோடு குறிப்பவை அவைதான். உயில் இல்லையென்றால் சொத்துப் பங்கீட்டு ஆவணம். அடுத்து நிலப் பத்திரங்கள்: தந்தையின் நிலத்தை வாரிசுகள் விற்கும்போது, இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதியிருக்கும். போர்வீரர் ஓய்வூதியக் கோப்புகளும் பெரிய சுரங்கம். 1836 சட்டப்படி ஓய்வூதியம் கேட்ட விதவைகள் திருமணத்தை நிரூபிக்க, குடும்ப வேதாகமத்தில் பிறப்புகளை எழுதி வைத்திருந்த பக்கங்களைக் கிழித்தே அனுப்பினார்கள். அவை இன்றும் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

பழைய பதிவுகளை வாசிக்கும்போது, "சீனியர்", "ஜூனியர்" என்றதும் அப்பா, மகன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஊரில் ஒரே பெயருள்ள மூத்தவர், இளையவர் என்பதற்கும் அப்படி எழுதினார்கள். 1752 வரை ஆங்கிலேயர்களுக்கு ஆண்டு பிறந்தது மார்ச் 25-ல். ஆகவே 1640 ஏப்ரலில் ஒரு குழந்தை, 1640 பிப்ரவரியில் அடுத்தது என்றிருந்தால் பிழையென்று ஒதுக்காதீர்கள். அந்த பிப்ரவரி நம் கணக்கில் 1641.

கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போகும்போது இன்னும் நிதானம் தேவை. அங்கே தேவாலயப் பதிவேடுகள் 1538-ல் தொடங்குகின்றன. ஞானஸ்நானப் பதிவில் பெயர் ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது. அதே ஆள் பின்னர் அந்த ஊரிலேயே மணமுடித்தாரா, புதைக்கப்பட்டாரா என்று பார்த்து விலக்க வேண்டும். "நியூ இங்கிலாந்தில் இருக்கும் என் மகனுக்கு" என்று எழுதிய உயில் கிடைத்தால் அது பொன். வந்தவர்கள் எல்லாரும் தங்கவுமில்லை: 1649-ல் பாஸ்டனில் பிறந்த எலிஹு யேலின் (யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரால்தான்) திருமணப் பதிவு நம் சென்னைக் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் இருக்கிறது.

அச்சில் வந்ததாலேயே எதையும் நம்பாதீர்கள். குஸ்டாவ் அஞ்ஜூ என்பவர் பணக்காரக் குடும்பங்களுக்குப் பொய் வம்சாவளிகளைத் தயாரித்து விற்றார். அவை இன்றும் புழக்கத்தில் உள்ளன. டிஎன்ஏ பரிசோதனையும் தனியாக இதைத் தீர்க்காது. பத்துத் தலைமுறை மேலே போனால், அந்த ஒரு தலைமுறையில் மட்டும் 1,024 மூதாதையர் இடங்கள். அவர்களில் குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து உங்களுக்கு ஒரு துணுக்குகூட வந்திராமல் இருக்கலாம். தந்தைவழி மட்டும் செல்லும் ஒய் குரோமோசோம் சோதனை, ஒரே குடும்பப் பெயருள்ள இரண்டு கிளைகள் ஒன்றா என்று பார்க்க உதவும். அதுவும் ஆவணங்களைத் தேடி முடித்த பிறகே.