கொத்தடிமை: சொல்லும் சட்டமும்

அலுவலகங்களில் ‘பாண்டட் லேபர்’ என்று புழங்குவதற்குத் தமிழில் ‘பிணைத் தொழிலாளர்’, ‘கொத்தடிமை’ என இரண்டு சொற்கள் வழங்குகின்றன. முன்னது கடனையும் அதற்கு ஈடாக நிற்கும் ஆளையும் மட்டுமே சுட்டுகிறது. பின்னது அந்த ஆளோடு கிடக்கும் பெண்டு பிள்ளைகளையும் சேர்த்தே சொல்லிவிடுவதால், குழந்தைகளின் உழைப்பைப் பற்றிப் பேசுமிடத்தில் அதுவே பொருத்தமானது என்பது என் கருத்து.

‘கொத்து’ என்பது பூங்கொத்து, சாவிக்கொத்து ஆகியவற்றில் வரும் அதே சொல்தான். குடும்பம் முழுவதும் கொத்தாக ஒருவருக்கு அடிமைப்பட்டிருப்பது கொத்தடிமை. (கூலியாக அளக்கும் தானியத்துக்கும் கொத்து என்ற பெயருண்டு, இங்கே அந்தப் பொருள் வேண்டியதில்லை.)

செங்கல் சூளையில் இதைக் கண்ணால் காணலாம். ‘அட்வான்ஸ்’ வாங்கியவர் தந்தை; ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி எழுதப்படுவதும் அவர் பெயரில்தான். வெயிலில் காயும் பச்சைக் கல்லைப் புரட்டிவைக்கும் எட்டு வயது மகளின் பெயர் எந்த நோட்டிலும் இராது.

பிள்ளையின் உழைப்பை அடகு வைப்பதை 1933-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்தது. ஆனால் பெற்றோருக்கு 50 ரூபாய், வேலை வாங்குபவருக்கு 200 ரூபாய் என்ற அளவில்தான் அபராதத்தின் உச்சவரம்பு நின்றது. 1976-இல் வந்த கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் கடனையே செல்லாததாக்கியது. சோதனைக்குச் செல்லும் அதிகாரி எந்தச் சொல்லை எழுதுகிறார் என்பது இங்கேதான் முக்கியமாகிறது. ‘குழந்தைத் தொழிலாளர்’ என்று மட்டும் எழுதினால், 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். தந்தையின் கடன் அப்படியே நிற்கும், கடன் நிற்கும் வரை மகள் மறுபடியும் சூளைக்கே வந்து சேர்வாள். ‘கொத்தடிமை’ என்று பதிவானால் கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்று வழங்க வேண்டும். முன்பணத்தை ஒருவரும் திருப்பிக் கேட்க முடியாது.

அந்தச் சான்று மகளின் பெயரிலும் தனியாக இருக்க வேண்டும். தந்தையின் சான்றுக்குள் அவளை ‘குடும்பத்தார்’ என்று அடக்கிவிட்டால், கட்டாய உழைப்பிலிருந்து மீளும் குழந்தைக்கென 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டம் ஒதுக்கிய 2 லட்சம் ரூபாயைக் கேட்க அவளிடம் காகிதம் இருக்காது.