கண்ணாடியை உடைத்த கோல்ஃப் பந்து: பணம் கட்ட வேண்டியது யார்?

ஒரு வாளி நிறைய கோல்ஃப் பந்துகளைத் தூக்கிக்கொண்டு ஒரு தம்பதி என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர்கள் வீட்டுப் பின்பக்க வேலியைத் தாண்டினால் கோல்ஃப் மைதானம். தோட்டத்திலும் கூரையிலும் 2 வருடமாகப் பொறுக்கிச் சேர்த்த பந்துகள் அவை. படுக்கையறை ஜன்னல் 3 முறை உடைந்திருக்கிறது. காரின் மேற்கூரையில் குழி. "குழந்தையைப் பின்பக்கம் விளையாட விட்டே பல மாதம் ஆச்சு மேடம்" என்றார் அந்தப் பெண். நான் முதலில் கேட்டது ஒன்றுதான்: "ஜன்னலை உடைத்த பந்துகள் எவை, எந்தத் தேதியில் வந்தன?" இருவரும் வாளியைப் பார்த்தார்கள். பதில் இல்லை.

மைதானத்துக்கு அருகில் குடியிருப்பவர்களிடம் இரண்டு நம்பிக்கைகளை மாறி மாறிக் கேட்கிறேன். "அடித்தவர்தான் கட்ட வேண்டும், இதில் என்ன சந்தேகம்" என்பது ஒன்று. "மைதானத்தை ஒட்டி வீடு வாங்கிவிட்டோம், இனி யாரிடம் போய்க் கேட்பது" என்பது மற்றொன்று. இரண்டையும் நம்பி நியாயமாகக் கிடைக்க வேண்டிய பணத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, இந்தியா என ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்த நாடுகளில் இந்தக் கேள்விக்கான அடிப்படை ஏறக்குறைய ஒன்றுதான். நுணுக்கங்கள் நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் அடித்தவரைப் பற்றி. பந்து கோணலாகப் போனது என்பதற்காக மட்டும் அவர் கவனக்குறைவாக ஆடினார் என்று நீதிமன்றங்கள் பொதுவாகச் சொல்வதில்லை. 'ஸ்லைஸ்' என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் வளைவு, பல வருடம் ஆடியவர்களுக்கும் வரும். வலது கைக்காரர் அடிக்கும் பந்து அப்படி வளைந்தால் வலது பக்கம் போகும். வலது கைக்காரர்கள்தான் அதிகம் என்பதால், டீயில் (ஒவ்வொரு குழியை நோக்கியும் முதல் அடியை அடிக்கும் இடம்) நின்று பார்க்கும்போது வலது பக்கம் இருக்கும் வீடுகளுக்குத்தான் அடி அதிகம். இது ஆட்டத்தின் இயல்பு. ஒருவர் ஒழுங்காக நின்று, சரியான திசையில் குறிவைத்து, எல்லோரும் அடிப்பதுபோல அடித்தும் பந்து விலகிப்போனால், அவரைப் பொறுப்பாக்குவது கடினம்.

ஆனால் வேறு மாதிரியான அடிகளும் உண்டு. வளைந்து போகும் பாதையைச் சுருக்குவதற்காக வீடுகளின் தலைக்கு மேல் பந்தைத் தூக்கி அடிப்பது. சாலையில் வண்டி வருவது கண்ணுக்குத் தெரிந்தும் காத்திருக்காமல் அடிப்பது. குடிபோதையில் கூரையைக் குறிவைப்பது. மைதானத்தை விட்டுவிட்டுப் பொதுப் பூங்காவிலோ சொந்தக் கொல்லையிலோ பயிற்சி எடுப்பது. இவற்றில் அடித்தவர் தப்புவது சிரமம். விதிப்படி ஒரு கோல்ஃப் பந்தின் எடை அதிகபட்சம் 45.93 கிராம். கையில் வைத்தால் ஒன்றுமில்லாததுபோல இருக்கும். நன்றாக அடிபட்டு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும்போது, அதே பந்து கண்ணாடியைத் தூளாக்கும், கூரை ஓட்டையும் பிளக்கும்.

நடைமுறைச் சிக்கல் வேறு. அடித்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் 4 பேர் நிற்பார்கள், நீங்கள் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பதற்குள் வண்டியில் ஏறிப் போயிருப்பார்கள். பந்தில் பெயரா எழுதியிருக்கும்? இந்த இடத்தில் கோல்ஃப் ஆடும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்துகிறதோ இல்லையோ, கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டால் நின்று, க்ளப் அலுவலகத்தில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டுப் போங்கள். ஆட்டக்காரர்களுக்கான பொறுப்புக் காப்பீடு பல நாடுகளில் கிடைக்கிறது. பலரிடம் அது ஏற்கெனவே இருக்கிறது, இருப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

அடுத்தது க்ளப். என் அனுபவத்தில், வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான். ஒருவர் தன் நிலத்தில் செய்யும் காரியம் பக்கத்து நிலத்துக்காரரின் நிம்மதியைத் திரும்பத் திரும்பக் கெடுத்தால், சட்டம் அதைத் 'தொல்லை' என்ற தலைப்பில் பார்க்கிறது. இந்தப் பந்தை அடித்தது யார் என்பது அங்கே முக்கியமில்லை. பந்து இப்படி வந்துகொண்டே இருப்பது மைதானத்தை நடத்துபவருக்குத் தெரியுமா, தெரிந்தும் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி.

1922-ல் தீர்ப்பான ஓர் ஆங்கிலேய வழக்கை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். கென்ட் பகுதியில் சாலையை ஒட்டி இருந்த கோல்ஃப் மைதானம். 13-ஆவது டீயிலிருந்து அடித்த பந்து சாலையில் போன டாக்ஸியின் முன்கண்ணாடியில் பட்டது. சில்லு தெறித்து ஓட்டுநர் ஒரு கண்ணை இழந்தார். அந்த டீயிலிருந்து பந்துகள் சாலைக்கு வருவது அடிக்கடி நடப்பதுதான் என்று சாட்சியம் இருந்தது. அப்படியொரு இடத்தில் டீயை வைத்து ஆட விட்டதே பொதுமக்களுக்குத் தொல்லை என்று சொல்லி, ஆட்டக்காரரோடு க்ளப்பையும் நீதிமன்றம் பொறுப்பாக்கியது.

இதற்கு நேரெதிரான முடிவு 1951-ல் வந்தது. அது கிரிக்கெட் பந்து பற்றியது, ஆனாலும் கோல்ஃப் வழக்குகளில் அதைத் தொடாமல் யாரும் வாதாடுவதில்லை. மைதானத்துக்கு வெளியே சாலையில் நின்ற ஒரு பெண்ணைப் பந்து தாக்கியது. சுமார் 30 வருடத்தில் பந்து அப்படி வெளியே போனது ஏறக்குறைய 6 முறைதான் என்று தெரிந்ததும், இவ்வளவு அரிதான ஆபத்துக்கு க்ளப்பைப் பொறுப்பாக்க முடியாது என்று அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை முடிவு செய்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளியே வந்த பந்தின் எண்ணிக்கைதான் தராசைச் சாய்க்கிறது. ஒரே ஒரு பந்து வந்து ஒரு ஜன்னலை உடைத்தது என்றால், உங்கள் வீட்டுக் காப்பீட்டைக் கேட்பதோடு முடித்துக்கொள்வதுதான் பெரும்பாலும் நல்லது. வாரத்துக்கு 2, 3 பந்து வருகிறது, க்ளப்புக்கு எழுதிச் சொல்லியாயிற்று, எதுவும் மாறவில்லை என்றால் அது வேறு வழக்கு. அதற்காகத்தான் அந்தத் தம்பதியிடம் தேதி கேட்டேன்.

"நீங்கள்தானே மைதானத்தைத் தேடி வந்தீர்கள்" என்று க்ளப் சொல்லும். எல்லா க்ளப்பும் சொல்லும். தொல்லை இருக்கும் இடத்துக்குத் தெரிந்தே வந்தீர்கள் என்ற வாதத்தை முழுப் பாதுகாப்பாக ஆங்கிலேயச் சட்டம் ஏற்பதில்லை. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2014-ல், கோல்ஃபுக்குச் சம்பந்தமில்லாத ஒரு மோட்டார் பந்தய வழக்கில் இதைத் திரும்ப உறுதி செய்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கோல்ஃப் பந்து தொல்லைக்காகவே ஒரு வீட்டுக்காரர் போட்ட வழக்கில், 2004-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் அமெரிக்காவின் சில மாநில நீதிமன்றங்கள் வீட்டுக்காரர் தெரிந்தே வந்தார் என்பதற்குக் கணிசமான எடை கொடுக்கின்றன. அத்துமீறல் என்று வழக்குப் போடுவதிலும் கவனம் தேவை. டெக்சஸில் 1992-ல் வீட்டுக்காரர்கள் அப்படிப் போய்த் தோற்றார்கள். ஆட்டக்காரர்கள் யாரும் பந்தை அங்கே அனுப்ப வேண்டும் என்று நினைக்கவில்லையே என்பது நீதிமன்றம் சொன்ன காரணம்.

சரி, வழக்கில் ஜெயித்தால் ஆட்டத்தையே நிறுத்திவிடலாமா? பெரும்பாலும் முடியாது. 1977-ல் இங்கிலாந்தின் லின்ட்ஸ் கிராமத்தில், கிரிக்கெட் மைதானத்தை ஒட்டிப் புதிதாகக் கட்டிய வீட்டில் இருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். க்ளப் செய்தது தவறு என்று பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்றார்கள். ஆனாலும் விளையாட்டுக்குத் தடையாணை கிடைக்கவில்லை. 400 பவுண்டு இழப்பீடு மட்டும் கிடைத்தது. அதனால் என்னிடம் வருபவர்களிடம் "மைதானத்தை மூடுங்கள்" என்று கேட்காதீர்கள், "இந்தக் குழியின் டீயைத் திருப்புங்கள்" என்று கேளுங்கள் என்கிறேன். டீயிலிருந்து ஆடும் திசையை 5 டிகிரி திருப்பினால், 200 மீட்டர் தள்ளிப் பந்து விழும் இடம் 17 மீட்டர் நகரும். பல வீடுகளுக்கு அந்த 17 மீட்டரே போதும். வலை உதவும், ஆனால் உயரம் போதாவிட்டால் வீண் செலவு. மரம் நட்டால் வளரப் பல வருடம் ஆகும், அதுவரை ஜன்னல் காத்திருக்காது.

க்ளப் நிர்வாகிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் தரப்பிலும் ஆஜராகியிருக்கிறேன். "50 வருடமாக இப்படித்தான் ஆடுகிறோம், யாரும் புகார் சொன்னதில்லை" என்பது அவர்கள் உண்மையாக நம்பிச் சொல்லும் வார்த்தை. மைதானம் அதேதான், ஆட்டம் அதே இல்லை. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆடும் பிஜிஏ டூரில் 1980-ல் சராசரி டிரைவ் (டீயிலிருந்து அடிக்கும் நீண்ட முதல் அடி) ஏறக்குறைய 257 கெஜம். இப்போது 300 கெஜத்தைத் தொட்டு நிற்கிறது. மட்டையும் பந்தும் மாறிவிட்டன. அன்று வேலிக்குள் விழுந்த பந்து இன்று வேலியைத் தாண்டுகிறது. புகார்க் கடிதம் வந்தால் அலமாரியில் போடாதீர்கள். பிறகு அந்தக் கடிதத்தையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். 'பந்தால் ஏற்படும் சேதத்துக்கு க்ளப் பொறுப்பல்ல' என்று வாசலில் பலகை வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதும் தவறு. உங்கள் வாகன நிறுத்துமிடத்தில் கார் விடும் உறுப்பினரிடம் அந்தப் பலகை ஓரளவு பேசலாம். உங்களோடு எந்த ஒப்பந்தமும் செய்யாத பக்கத்து வீட்டுக்காரரையும் சாலையில் போகிறவரையும் அது கட்டுப்படுத்தாது.

இப்போது பத்திரம். மைதானத்தைச் சுற்றி மனை பிரித்து விற்கும் குடியிருப்புகளில் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். பத்திரத்தின் உள்ளே எங்கோ ஒரு பத்தியில், பந்துகள் இந்த மனைக்குள் வரலாம், அதை வாங்குபவர் ஏற்கிறார் என்று ஓர் உரிமையை எழுதி வைத்திருப்பார்கள். வாங்கும் சந்தோஷத்தில் யாரும் அந்தப் பத்தியைப் படிப்பதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இண்டியன் பாண்ட் என்ற க்ளப்பின் 15-ஆவது குழியை ஒட்டி, 2017-ல் ஒரு குடும்பம் வீடு வாங்கியது. சில வருடங்களில் அந்த வீட்டில் பட்ட பந்துகள் 651. ஜூரி சுமார் 35 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது, வட்டியோடு சேர்ந்து 49 லட்சம் ஆனது. 2022 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மனைகளுக்கான நிபந்தனை ஆவணத்தை முழுமையாகப் படித்து, மைதானத்தை நியாயமாக நடத்துவதற்கு எவ்வளவு இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கும்படி ஜூரிக்குச் சொல்லப்படவில்லை என்பதுதான் காரணம். அப்படி ஓர் உரிமை இருப்பதால் க்ளப் எப்படி வேண்டுமானாலும் நடத்தலாம் என்று அர்த்தமில்லை, 'நியாயமாக' என்ற சொல்லுக்குள் வாதாட இன்னும் இடம் இருக்கிறது. ஆனாலும் அந்தக் குடும்பத்தின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். கைக்கு எட்டிய அவ்வளவு பெரிய தொகை, ஆவணத்தை எப்படிப் படிப்பது என்ற கேள்வியில் போயிற்று.

காப்பீடு பற்றிச் சுருக்கமாக. வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் கண்ணாடிக்கும் கூரைக்கும் கொடுக்கும், நீங்கள் ஏற்க வேண்டிய ஆரம்பத் தொகையைக் கழித்துக்கொண்டு. ஒரு ஜன்னலின் செலவு பல சமயம் அந்தத் தொகைக்குள்ளேயே முடிந்துவிடும். கார் என்றால் முழுக் காப்பீடு இருக்க வேண்டும், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் உங்கள் காருக்குக் கிடைக்காது. அடிக்கடி கேட்டால் பிரீமியம் ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அந்தத் தம்பதியிடம் ஒரு நோட்டு வாங்கச் சொன்னேன். பந்து விழுந்தால் எடுப்பதற்கு முன் கிடக்கும் இடத்திலேயே படம் எடுங்கள், தேதி, நேரம், எங்கே பட்டது, எந்தப் பக்கமிருந்து வந்தது, என்ன சேதம், செலவு எவ்வளவு, எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதுங்கள். ரசீதை அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். பந்தை எடுக்க வேலியைத் தாண்டி வருபவரோடு சண்டை போடாதீர்கள், பெயரை மட்டும் கேளுங்கள். அப்புறம், மாதம் ஒரு முறை க்ளப்புக்குக் கடிதம் எழுதுங்கள், கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது நீதிமன்றத்தில் நிற்காது.

5 மாதம் கழித்து நோட்டோடு வந்தார்கள். 43 பதிவுகள், 4 கடிதங்கள். பதிவுகளை வரைபடத்தில் குறித்தபோது ஏறக்குறைய எல்லாமே ஒரே டீயிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. க்ளப்பின் காப்பீட்டு நிறுவனத்துக்கு அந்த வரைபடத்தின் நகலை அனுப்பினோம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகவில்லை. ஜன்னல்களுக்கும் காருக்கும் பணம் வந்தது, டீயை இடது பக்கம் தள்ளி வைத்தார்கள். நோட்டை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.